சொன்னபடி ஓடிய படங்கள்

இடைவேளைக்குப் பதினோரு நிமிடம் இருக்கும்போது, திரையில் ஓடிக்கொண்டிருந்த பழுப்புக் குதிரை வெள்ளையாக மாறியது. ரேடியோ அதை வெள்ளைக் குதிரை என்று சொல்லிவிட்டதுதான் காரணம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மாட்டிக்கொண்டு பார்த்தபோது குதிரை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆகவே தான் தப்பாகச் சொன்னதாக அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

ரேடியோ என்பது திரையரங்கில் அவளுக்கு வைத்த பெயர். மருந்துக்கடையில் வேலை. இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு இருமலின் பூர்வீகம் முழுவதையும் சொல்லி அனுப்புகிறவள். அவளுடைய அக்கா தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் இணைப்புக் கொடுத்தவள். நாற்பத்திரண்டு வயதில் கண் மங்கத் தொடங்கி, நான்கே வருடத்தில் பார்வை முழுதும் போயிற்று. படத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை மதியக் காட்சியில் தங்கை காதோரம் விவரம் சொல்லச் சொல்ல, முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். ஒருநாள் மேலாளரே வந்தார். வெளியே அனுப்பப் போகிறார் என்று எல்லோரும் ஆவலாக இருந்தபோது, இருவரையும் பின்னாலிருந்த கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார். கைக்குழந்தைக்காரர்களுக்காகக் கட்டிய அறை அது. ஆறு மாதத்தில் அக்காவோடு சேர்த்துப் பார்வையில்லாதவர்கள் இருபத்தாறு பேர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். மேலாளர் ஒரு மைக்கும் ஆளுக்கொரு காதுக்கருவியும் வாங்கிக்கொடுத்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு அதற்கென்றே சம்பளமும் போட்டார்.

குதிரைக்குப் பிறகு அவளுக்குத் துணிச்சல் வந்தது. முதலில் திரைச்சீலைகளின் நிறத்தை மாற்றினாள், பிறகு வில்லனின் மீசையை. ரயிலேறிப் போகவேண்டியவன் இறங்கித் திரும்பி வந்தான். காய்ச்சலில் சாகவேண்டிய தாய் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். அக்கா அழுதால் உடம்புக்கு ஆகாது என்று, மருந்துக்கடைக்காரி என்ற தகுதியில் அவளாகவே முடிவு செய்திருந்தாள். பார்வையுள்ளவர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளியூரில் அதே படம் வேறுவிதமாக முடிகிறது என்று கேள்விப்பட்டவர்கள், அங்கே பிரதி சரியில்லை போலிருக்கிறது என்றார்கள். விநியோகஸ்தர் மட்டும் ஒருமுறை வந்து, பெட்டியைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்தவன் அதில் உயிரோடு இருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

படம் மாறியதே தவிர, பின்னணி இசை மாறவில்லை. வயலின்கள் எல்லாம் கதறிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் நலம் என்று தங்கை சொன்னால் அக்கா எத்தனை நாளைக்கு நம்புவாள்? மூன்று வருடம் பொறுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு நடந்துபோகையில் கேட்டாள்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு. சின்னப் புள்ளையா ஆகிடல. செத்தா செத்தாங்கன்னு சொல்லேன்."

"சொன்னா அழுவியே."

"அழறதுக்குத்தானடி டிக்கெட் எடுக்கறேன்."

தங்கை அதற்கு இணங்கவில்லை. அதன்பின் ஐந்து சனிக்கிழமை அக்கா படத்துக்கு வரவில்லை. வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டும், உப்பு எங்கே என்பதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை. ரேடியோவின் சத்தமே கேட்காததால், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி விசாரித்தார். ஆறாவது வாரம் தங்கை இறங்கி வந்தாள். இனி உள்ளதைத்தான் சொல்வேன் என்று அக்காவின் கையைத் தொட்டுச் சொன்னாள்.

அன்றைய படம் ஒரு மாலுமியைப் பற்றியது. கடைசியில் அவன் துறைமுகத்தில் சுடப்பட்டு, மனைவியின் மடியில் உயிரை விடவேண்டும். குண்டு பாய்ந்ததைச் சொன்னாள். மடியில் சாய்ந்ததைச் சொன்னாள். அதற்குமேல் வாய் வரவில்லை. அவள் சொல்லுக்கே ஓடிப் பழகிய படமும் அப்படியே நின்றது. சுருள் சுற்றிக்கொண்டே இருந்ததாகவும் துளிகூடக் குறையவில்லை என்றும் ஆபரேட்டர் பிற்பாடு சொன்னார். இருபது நிமிடம். சுட்டவன் கைவலி தாங்காமல் துப்பாக்கியை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். மனைவிக்குக் கால் மரத்துப்போயிற்று. மாலுமி ஒருமுறை கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தான். கோபமாக அல்ல, மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு நிற்பவர்கள் பார்ப்பதுபோல. அரங்கிலிருந்து சிலர் வெளியே போய் இன்னொரு காபி குடித்துவிட்டு வந்தார்கள்.

அக்கா தடவித் தேடித் தங்கையின் முழங்கையைப் பிடித்தாள். "அவனுக்கு வலிக்குதுடி. சொல்லிடு."

"செத்துட்டான்," என்றாள் ரேடியோ.

மாலுமி நன்றியோடு கண்ணை மூடினான். மனைவி அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டதையும், யாரோ தொப்பியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்ததையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருபத்தாறு பேரும் அழுதார்கள். மூன்று வருடப் பாக்கியையும் சேர்த்து அழுத அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் பரவாயில்லை என்றாள். மைக்கை அணைக்க மறந்ததால், தங்கை மூக்கை உறிஞ்சியது எல்லோர் காதிலும் கேட்டது.

அதிலிருந்து அந்த அரங்கில் சாகவேண்டியவர்கள் செத்தார்கள். ஆனால் அவள் மனசைத் தேற்றிக்கொள்ளும்வரை காத்திருந்துதான். சனிக்கிழமைக் காட்சி முடியும் நேரத்தைப் பலகையில் எழுதுவதை மேலாளர் நிறுத்திவிட்டார். வாசலில் சவாரிக்கு நிற்கும் டாக்ஸிக்காரர்களிடம், படம் எப்போது விடும் என்று யாராவது கேட்டால், "உள்ள இன்னும் ஒருத்தர் பாக்கி," என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்கள்.