ஆலமரத்தில் கட்டிய சாக்கு

எனக்கு முன்கோபம் அதிகம். மாட்டு டாக்டருக்கு அது ஆகாது என்று தெரிந்தும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர் ஒன்றில் நல்லக்கண்ணுவின் பசு குறைமாதத்தில் கன்று வீசியது. அவன் வழக்கப்படி நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டான். அப்படிச் செய்தால் பால் பெருகுமாம். அடுத்த மூன்று மாதத்தில் நான்கு வீட்டுப் பசுக்கள் கன்று வீசின.

அந்த நஞ்சுக்கொடியிலிருந்துதான் நோய் பரவியது என்று கொதித்துப் போனேன். கோயில் மைக் செட்டைக் கவனிக்கும் வெள்ளத்துரையிடம் மைக்கை வாங்கி, "நாலு மாட்டையும் கெடுத்தது நல்லக்கண்ணு கட்டின சாக்குதான்" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

என் பேச்சுக்கு அத்தாட்சி வேண்டும் என்றுதான் ஊர் மாடுகளின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே கிருமியின் மரபணுவை முழுதாக வாசிக்கும் பானுப்ரியா நேற்று போனில் கூப்பிட்டாள்.

"எல்லாம் கன்னு வீச வைக்கிற புருசெல்லாக் கிருமிதான் சார். ஆனா நல்லக்கண்ணு மாட்டுல இருக்கது வேற வகை. நூத்துக்கணக்கான எழுத்து மாறுது. மத்த நாலும் வெள்ளத்துரை மாட்டுல உள்ளதோட அச்சு அசல் ஒண்ணு. அந்த மாடு எப்பக் கன்னு போட்டுச்சு?"

எல்லாவற்றுக்கும் முந்தி. கன்று செத்தே பிறந்தது. மாடு வழுக்கி விழுந்துவிட்டது என்று வெள்ளத்துரை சொன்னதை நம்பி, தங்கிப்போன நஞ்சுக்கொடியைக் கையை உள்ளே விட்டு எடுத்தேன். அன்று என்னிடம் தோள்வரை போடும் கையுறை ஒன்றுதான் மிச்சம். அதையே வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டு நான்கு வீட்டுப் பசுக்களுக்குச் சினை பார்த்தேன். பிறகு கன்று வீசிய அதே நான்கு வீடுகள்.

நல்லக்கண்ணு வீட்டில் அவன் மனைவி செண்பகம் மட்டும் இருந்தாள். ஆய்வக முடிவைச் சொன்னேன்.

"அப்ப எங்க மாட்டுக்குச் சீக்கு இல்லியா?"

"இருக்கும்மா. ஆனா மத்த மாட்டுக்கு உங்களால வரல. என்னாலதான்."



"ஊருல முகங்குடுக்க முடியாம அவிய ஹார்பருக்கு மூட்ட தூக்கப் போயிட்டாவ. இங்கன வந்து என் காதுல சொல்லி என்ன செய்ய? அந்த மைக்குல சொல்லுவியளா?"

கோயிலுக்குப் போனேன். அதே வெள்ளத்துரைதான் இருந்தார். பொத்தானைத் தட்டி, ஊதிப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தடவ யாரு டாக்டர்?"

"நான்" என்றேன். கோயில் குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுக்க அதைச் சொன்னது.