நாற்பத்து மூன்றுக்கு ஒன்று

ஓல்மன் ஊரில் ரகசிய ஓட்டு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். தெற்கு டகோட்டாவின் அந்தக் கோதுமைக் காட்டில் ஓட்டுப் போடுகிறவர்களே நாற்பத்து நான்கு பேர். மாவட்டப் பத்திரிகையோ ஒவ்வொரு ஊரின் எண்ணிக்கையையும் தனித்தனி வரியாக அச்சிட்டுவிடும். ஆர்விட் ஸ்கோக்ஸ்டாட் ஓட்டுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து ஓல்மன் வரியில் குடியரசுக் கட்சிக்கு எல்லா ஓட்டும், ஜனநாயகக் கட்சிக்குச் சைபரும்தான். இந்த நவம்பரில் நாற்பத்து மூன்று, ஒன்று.

அந்த ஒன்று ஆர்விட்டின் உயிரை வாங்கியது.

தானியக் கிடங்கின் அலுவலகத்தில் காலைக் காப்பிக்குக் கூடும் கிழவர்கள் மத்தியில் லைல் ஹோஃபர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வரியைக் காட்டினான்.

"ஏன்யா ஆர்விட், உன் மருமக சிகாகோக்காரிதானே?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா ஊரு பேரக் கேட்டேன்." மேசையைச் சுற்றிச் சிரிப்பு. சிகாகோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பது அங்கே யாருக்குத் தெரியாது?

ஆர்விட் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். லைல் எதற்கு அடி போடுகிறான் என்று அவருக்குத் தெரியாதா? ஊர்ச் சாலைகளைப் பார்க்கும் மேற்பார்வையாளர் பதவி அவருடைய தாத்தா காலத்திலிருந்து ஸ்கோக்ஸ்டாட் வீட்டில்தான் இருந்தது. இப்போது மகன் கர்ட்டிஸ் வகிக்கிறான். மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் அதற்குத் தேர்தல். லைல் எதிர்த்து நிற்கப் போகிறான். மூன்று தலைமுறையாகக் காத்த பெயர் ஒரு புள்ளி மையால் போய்விடுமா?

அன்று மதியச் சாப்பாட்டில் மருமகள் ரெனாட்டாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்குப் போட்டேன்னு உங்க மகன்கிட்டயே நான் சொன்னதில்ல, மாமா. உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லேம்மா. அந்த லைல் வாய அடைக்கணும்."

"அவர் வாய அடைக்கிறது என் வேலையா?"

"அப்பா, விடுங்களேன்," என்றான் கர்ட்டிஸ், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

விடுவதாம்! நான்கு மாதம் ஊர் அவரை விட்டதா? தேவாலயத்தில் ரெனாட்டா பியானோ வாசிக்கையில் பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். தபால்காரர்கூடக் கடிதங்களைக் கொடுக்கும்போது ஒருமாதிரி புன்னகைத்தார். அவளோ தலைநிமிர்ந்து போய் வந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு வீம்பு உண்டா என்று ஆர்விட் பல்லைக் கடித்தார். அந்த வீம்பு தனக்கும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் ஊர்க் கூடம் நிரம்பியது. வாக்குப்பதிவு நாட்களிலும் அங்கே மேசை போட்டு உட்கார்கிற வெர்னா என்ற கிழவிதான் அன்றும் ஊர்ச் செயலாளர். பெயர்களை முன்மொழிந்ததும் லைல் எழுந்தான்.

"ஊர்ப் பொறுப்ப யார்கிட்ட கொடுக்கிறோம்னு பாத்துக் கொடுங்க. ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சின்னா, அந்த வீட்ட எப்படி நம்புறது? நான் யார் பேரையும் சொல்லல."

எல்லாத் தலைகளும் ரெனாட்டா பக்கம் திரும்பின. அவள் முகம் சிவந்தது; ஆனாலும் தலை குனியவில்லை.

ஆர்விட் எழுந்துவிட்டார். தன் வீட்டுப் பெண்ணைச் சபையில் வைத்து ஒருவன் பேச, அவர் உட்கார்ந்திருப்பதாவது!

"அந்த ஓட்டு நான் போட்டது," என்றார்.

லைல் கத்தினான்:

"பொய்! கர்த்தர் சாட்சியா சொல்றேன், அது நீ இல்ல!"

வெர்னா கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "அது எப்படி லைல், கர்த்தரையே சாட்சிக்குக் கூப்பிடுற அளவுக்கு உனக்குத் தெரியும்?"

லைலுக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. அப்போதுதான் ஆர்விட்டுக்கு விளங்கியது. அட பாவி! போட்டவனைத் தவிர வேறு யாரால் இப்படிச் சத்தியம் செய்ய முடியும்?

"ஆர்விட்," என்றாள் வெர்னா, "சொன்னதத் திரும்ப வாங்கிக்கிறியா?"

வாங்கினால் லைல் அந்த நிமிடமே தொலைந்தான். ஆனால் சபையில் சொன்ன சொல்லை ஒரு ஸ்கோக்ஸ்டாட் திரும்ப வாங்குவதா? அதுவும் இந்தப் பயல் கத்தியதற்காகவா?

"சொன்னா சொன்னதுதான்," என்றார் எரிச்சலாக.

லைல் அவர் முகத்தைப் பார்க்காமல், தனக்கு முதுகுவலி அதிகமாக இருப்பதாகவும் பெயரை எடுத்துவிடும்படியும் முணுமுணுத்தான். கர்ட்டிஸ் போட்டியின்றித் தேர்வானான்.

உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்திடக் கர்ட்டிஸ் அங்கேயே தங்கிவிட்டான். ரெனாட்டாவை ஆர்விட்தான் வண்டியில் அழைத்துவந்தார். இரண்டு மைல் வந்ததும் அவர் மனக்கணக்குப் போட்டு முடித்தார். நாற்பத்து நான்கு பேரும் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒன்று லைலுடையது. அப்படியானால்?

"நீயும் எங்களாட்டந்தான் போட்டிருக்க!" என்று வெடித்தார். "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஊரு முன்னால என்னப் பொய் சொல்ல வச்சிட்டியே!"

"உங்களப் பொய் சொல்லச் சொன்னது யாரு மாமா?"

"ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்!"

"ஒரு தடவ சொல்லிட்டா, அப்புறம் ஒவ்வொரு தடவையும் சொல்லணும்ல."

ஆர்விட் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் லைலைத் திட்டிக்கொண்டே வந்தார்.