இரண்டு விரல் உயரம்

முத்திரைக்காரர் வீட்டில், சாப்பிடுகிறவரின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு தட்டிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பி அப்படியே நின்றது. அவர் மனைவி இறந்த நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இது தொடங்கியது. முதலில் எழும்பியது பொரித்த கத்தரிக்காய். சோறும் பருப்பும் தட்டிலேயே கிடக்க, கத்தரிக்காய்த் துண்டுகள் மட்டும் எண்ணெய் சொட்டச் சொட்ட மேலே நின்றன. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. பத்து வருடமாக அடுத்தவர் தராசின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தவர், எதையும் லேசில் நம்ப மாட்டார். இதிலும் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்றுதான் நினைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தார். மாடி வீட்டுத் தையல்காரர் மேலேயிருந்து நூல் விட்டு இழுக்கிறாரோ என்று துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். "என்ன சார், எலியா?" என்று மேலிருந்து குரல் வந்தது. "இன்னும் தெரியல" என்றார். கடைசியில் தன் சோதனைத் தராசை எடுத்து, தட்டைக் கத்தரிக்காயோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் நிறுத்தார். தட்டைத் தொடாமலே கத்தரிக்காய் தன் முழு எடையையும் காட்டியது. அதுதான் அவரை அதிகம் தொந்தரவு செய்தது. எடையில் ஏமாற்று இல்லை.

கத்தரிக்காய் தின்ற மறுநாள் அவருக்கு முழங்கை மடிப்பில் அரிக்கும். சோப்புதான் காரணம் என்று அதுவரை ஆறு சோப்பு மாற்றியிருந்தார். இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, நாளுக்கு ஒரு பொருளாகச் சமைத்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். பூசணிக்காய் கிடந்தது. பயறு கிடந்தது. மிளகாய் அதிகம் போட்டதெல்லாம் எழும்பியது. காலைத் தேநீர் கோப்பைக்கு மேலே தட்டையான ஒரு வில்லையாக எழும்பி நடுங்கியது. கோதுமை ரொட்டியோ கல் மாதிரிக் கிடந்தது. மூன்று மாதத்தில் அவர் அரிப்பும் நெஞ்செரிச்சலும் போயின. சந்தேகம் போகவில்லை. ஒருநாள் அது அவர் பக்கமே திரும்பியது. மனைவி படுத்துக் கிடந்த கடைசி ஒரு மாதம் அவளுக்குச் சமைத்துப் போட்டவர் அவர்தான். அவளுடைய தட்டைத் தேடி எடுத்து, அன்று கொடுத்ததையெல்லாம் மறுபடி சமைத்து அதில் வைத்தார். எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதுவும் எழும்பவில்லை. எல்லாம் அவளுக்கு ஒத்துக்கொண்டது என்பதா, இனி அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது எதுவும் இல்லை என்பதா என்று தெரியவில்லை. தட்டைக் கழுவி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் இளைக்க ஆரம்பித்திருந்தாள். ஐந்து வயது. வயிறு உப்பிக்கொண்டே போனது, கால்கள் குச்சியாகிக்கொண்டே போயின. மனைவி இருந்தவரை வீட்டில் சோறுதான் அதிகம். இப்போது காலையில் கோதுமைக் கஞ்சி, இரவில் கோதுமை ரொட்டி. தன் தட்டில் கொஞ்சம்கூட அசையாத பொருளைவிடப் பத்திரமானது வேறென்ன என்று அவர் நினைத்தார். பிள்ளை இளைக்க இளைக்க ஒரு ரொட்டி கூடுதலாக ஊட்டினார். பள்ளிக்கூடத்துத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கொடுக்கும் மிட்டாயைச் சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும் மாமியாரின் பழப் பையைக்கூட, அவர் கை கழுவப் போன நேரத்தில் திறந்து முகர்ந்தார். மாமியாரும் சளைத்தவர் அல்ல. மருமகன் குளிக்கப் போனதும் குப்பைக் கூடையைக் கிளறி, பிள்ளை உண்மையில் என்ன தின்றது என்று பார்ப்பார்.

"பிள்ளைக்கு என்னதான் போடுறீங்க மாப்பிள்ளை?"

"சுத்தமானதுதான் அத்தை. எல்லாம் தட்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் கொடுக்குறேன்."

"உங்க வித்தையெல்லாம் எங்கிட்ட வேணாம். பொம்பள இல்லாத வீட்டுல பிள்ளை வாடுது. மாசக் கடைசியில நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

 மனைவி போனபின் அந்த வீட்டில் பேசுவதற்கென்று இருந்தது மகள் ஒருத்திதான். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் ஊட்டுவதை இன்னும் அதிகப்படுத்தினார்.

மாசக் கடைசி ஞாயிறு மாமியார் காலிப் பெட்டியோடு வந்தார். பிள்ளையின் சட்டைகளை மடித்து வைத்துவிட்டு, கிளம்புமுன் தானே ஒருவாய் ஊட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். மேசையில் ஒரே தட்டுதான் இருந்தது.

"இவளுக்குன்னு ஒரு தட்டு கிடையாதா இந்த வீட்டுல?"

"என் தட்டுலதான் பிசைஞ்சு ஊட்டுவேன் அத்தை. அவ அம்மாவும் அப்படித்தான்."

"நல்லாருக்கு" என்று முனகியபடி மாமியார் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்துத் துடைத்து, பிள்ளை முன் வைத்து, ரொட்டியைப் போட்டார். ரொட்டி எழும்பியது. இரண்டு விரல் அல்ல. பிள்ளையின் மூக்குவரை வந்து நின்றது. கஞ்சியை ஊற்றினார். அது கட்டியாக மேலே போய்த் தளும்பியது. மாமியார் அடியில் கரண்டியை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினார். கரண்டி எதிலும் படவில்லை.

"அப்பா, எனக்கும் பறக்குது!" என்று மகள் கை தட்டினாள்.

முத்திரைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். ஊரிலுள்ள தராசில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தவர், மாதக்கணக்கில் தன் உடம்பை எடைக்கல்லாக வைத்து மகளை நிறுத்திருக்கிறார். மாமியார் ரொட்டியையும் கஞ்சியையும் எடுத்து அப்பால் வைத்தார். சோறு போட்டார், கிடந்தது. பருப்பு போட்டார், கிடந்தது. பிள்ளை தின்றது. பிறகு ஒரு கையில் பெட்டியும் மறுகையில் பிள்ளையுமாகப் போய்விட்டார். அவரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன வாய் இருக்கிறது? மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கோதுமைதான் என்று சொல்லிவிட்டு, இவ்வளவு சீக்கிரம் யார் கண்டுபிடித்தது என்று கேட்டாராம். "தட்டு" என்றாராம் மாமியார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

பதினோராம் நாள் மாமியார் அதே பெட்டியோடு வாசலில் நின்றார். பிள்ளை அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது.

"எங்க வீட்டுல எல்லாம் பேசாம கிடக்கு மாப்பிள்ளை. நல்லதும் கிடக்கு, கெட்டதும் கிடக்கு. கடை பிஸ்கட்டத் தின்னுட்டு நேத்து பூரா வயித்தப் பிடிச்சுட்டு சுருண்டு கிடந்தா. அங்க எதை நம்புறது?"

"உக்காருங்க அத்தை. சாப்பிடலாம்."

அன்று முத்திரைக்காரர் மாமியாருக்கும் தனித்தட்டு வைத்தார். வெள்ளரிக்காய் தவிர மாமியார் தட்டிலிருந்த எல்லாமே எழும்பியது. அவர் தட்டைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"இல்ல அத்தை."

"சத்தியமா?"

"சத்தியமா."

நம்பவில்லை. இருந்தாலும் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தார். அடுத்த வருடம் அவர் மூட்டு வலி குறைந்தது. அதை வெயிலின் கணக்கில் எழுதினார். பிள்ளையின் கால்களில் சதை பிடித்தது. தையல்காரர் நாலு முறை அவள் பாவாடையை இறக்கித் தைத்துக் கொடுத்தார். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறு மதியம் மேசையில் மூன்று தட்டுகள். மூன்றிலும் வேறுவேறு எழும்பும். எழும்பியதை எடுத்து, அது யாருக்குக் கிடக்குமோ அவர் தட்டில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள்.