சோதனைக்குப் போட்ட பூஜ்யம்

1.
இந்தக் கதை ஒரு பழைய பிளாப்பி டிஸ்கின் உறையிலிருந்து வந்தது. ‘பயிற்சிப் பள்ளி ரிசல்ட், 1987’ என்று எழுதியிருக்கிறது. யார் கையெழுத்து என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லிவிடுவேனா என்பதுதான் என் பயம்.

முதல் தொடக்கம்: மதுரையில் ஒரு மாடி, வெயிலில் கொதிக்கும் கம்ப்யூட்டர் சென்டர், அங்கே...

(வேண்டாம். வெயிலை எழுதித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

2.
சென்டரில் நானும் என்னிடம் வேலை பார்த்த பிலோமினாளும் மட்டும். மில் வருகைப்பதிவு, பால் சங்கக் கணக்கு, உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் ரிசல்ட், எல்லாம் ஒரே பிளாப்பியில் கலந்து கிடந்தன.

பள்ளியில் முப்பது பேரும் பாஸ். ‘பெயில்’ சரியாக அச்சாகிறதா என்று பார்க்க, பிலோமினாள் பட்டியலை நகலெடுத்து ஒருவனுக்குப் பூஜ்யம் போட்டாள். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் குலசாமி பெயர்தான். பட்டியலில் நாலு நல்லகாமன்கள். அவள் தொட்டது பே. நல்லகாமனை.

“சும்மா சோதனைக்குத்தானே சார். யாரோ ஒருத்தன்.”

(நானும் கதை மாந்தர்களை இப்படித்தான் எடுக்கிறேன்.)

3.
பிறகு ஒவ்வொரு வேலையும் தனித்தனிப் பிளாப்பிக்குப் போனது. இனிமேல் குழப்பம் இல்லை என்று காபி குடித்தோம். ரிசல்ட் பிளாப்பியில் ஏறியிருந்தது அந்தச் சோதனை நகல். அதைத்தான் அச்சடித்துக் காலை பஸ்ஸில் அனுப்பினோம்.

பிரித்தவள் பிலோமினாள்.

(மூன்று வரைவிலும் இந்த வாக்கியத்தில் கை வைக்கவில்லை.)

மத்தியானம் பள்ளி கிளார்க் வெள்ளைத்துரை போன் செய்தார். “நல்லாப் படிக்கிற பய சார். போர்டப் பாத்தான், அப்படியே நடந்து போயிட்டான். மார்க்கு சரிதானா?”

சரியில்லை என்று உடனே சொன்னோம். அதற்குள் அவனைக் காணவில்லை; வீட்டுக்கும் போகவில்லை. பிலோமினாள் உண்மையான பட்டியலை அச்சடித்துக்கொண்டு அவன் ஊருக்குக் கிளம்பினாள்.

“கேட்டா நாந்தான் பண்ணேன்னு சொல்லிக்கிறேன். நீங்க பயப்படாதீங்க சார்.”

4.
முடிவு ஒன்று: கிணற்று மேட்டில் ஒரு ஜோடிச் செருப்பு, அதன் பக்கத்தில்...

(மாட்டேன்.)

முடிவு இரண்டு: பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். இதை எழுதத்தான் ஆசை. ஆசைப்படும் தகுதி எனக்கு இல்லை.

ஏனென்றால் உறையில் இருப்பது என் கையெழுத்து. பிளாப்பிகளைப் பிரித்தவன் நான், பிலோமினாள் அல்ல. அவள் பழியை ஏற்றுக்கொண்டு படியிறங்கியபோது நான் தலையாட்டினேன்.

இப்போது அவள் அந்த வீட்டு வாசலில் நிற்கிறாள். பையனின் அப்பா பேயாண்டி தாளை வாங்கவில்லை.

“எம்மவன் எங்கேம்மா? யாரு இந்தத் தப்பப் பண்ணுனது?”

முதல் கேள்விக்கு நீங்கள் எழுதுங்கள்; அவன் உயிரோடு வரட்டும். இரண்டாவதற்கு அவள் வாய் திறப்பதற்கு முன்னால் கிருபாகரன் என்று எழுதிவிடுங்கள். அது என் பெயர்.