குதைபா தேர்ந்தெடுத்த ஜிபிஎஸ்

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மான் நகரம் கண்ணைத் திறக்கும் முன்னால் வாயைத் திறக்கும். வாரம் முழுக்க அவசரமாக விழுங்கியதற்கெல்லாம் அன்று காலைதான் ஈடு. எண்ணெய் மிதக்கும் ஃபூல் மொச்சை, கடலை மசித்த ஹும்முஸ், சுடச்சுட ஃபலாஃபல் வடை, எல்லாம் வாசலுக்கு வந்தாக வேண்டும். எதுவும் ஆறிவிடக் கூடாது. கொண்டுவருகிறவன் விறைத்துப்போனால் யாருக்கும் கவலையில்லை.

ஜனவரி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சமையல்கூடத்தின் பின்முற்றத்தில் குதைபா காலுறைக்கு மேல் ரொட்டிப் பையைச் சுற்றி, அதன் மேல் ஷூவைத் திணித்தான். பக்கத்தில் மூத்த டெலிவரி ரைடர் அபூ லைத் கையுறையோடு பைக் சைலன்சரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் தீய்ந்த நாற்றம் வரும்வரை கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் விரல் மடங்கும், பிரேக் பிடிக்கும். பின்சீட்டுப் பெட்டியில் கிண்ணங்களை அடுக்கி, ஒன்றோடொன்று மோதாமல் இடுக்கில் பழைய துணியைச் செருகி, ஏற்றமும் இறக்கமுமான அந்த ஊரில் மலைக்கு மலை ஓடினார்கள். முகத்தில் ஊசியாகக் குத்தும் மழையைத் தோளால் துடைத்தபடி ஓட்டுவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்றைக்குத்தான் முந்தர் பே குதைபாவை அலுவலகத்துக்குள் கூப்பிட்டார். கம்பெனி அவருடையது, அதனால்தான் 'பே' என்ற மரியாதை. உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. குதைபாவின் உடையிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டுவதை அவர் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையே குதைபாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

மேஜையில் இரண்டு கருவிகள் இருந்தன.

"ஹபீபி, உங்க சொந்த போன வெச்சுக்கிட்டு எத்தன நாள் வழி தேடுவீங்க? எல்லா பைக்குக்கும் ஜிபிஎஸ் மாட்டப் போறேன். எது நல்லதுன்னு நீயே ஓட்டிப் பாத்துச் சொல்லு. பசங்க உன் பேச்சத்தான் கேப்பாங்க."

குதைபா இரண்டையும் மாட்டி ஒரு வாரம், மழையிலும் வெயிலிலும், ஓட்டிப் பார்த்தான். பெரியது பைக்குக்கென்றே செய்தது. கையுறை போட்ட விரலுக்கும் கீழ்ப்படிந்தது. மழையிலும் பார்க்க முடிந்தது, வெயிலிலும் எழுத்து தெரிந்தது. வழியைத் தலைக்கவசத்துக்குள்ளேயே காதோடு சொன்னதால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குப் படிக்கட்டு தெரிந்திருந்தது. அம்மானில் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள்தான். மேலிருந்து பார்த்தால் தெரு, போய் நின்றால் படி.

சின்னது காருக்காகச் செய்தது. ஈரம் பட்டால் திரை தானே தன்னை அழுத்திக்கொண்டது. வெயிலில் அதில் ஓட்டுகிறவனின் முகம்தான் தெரிந்தது. லுவைப்தே மலையின் நீண்ட படிக்கட்டுக்கு மேலே நின்றபோது, இனிமையான பெண் குரலில் "நேராகச் செல்லவும்" என்றது. குதைபா வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"பெரிசுதான் பே," என்று திரும்பி வந்து சொன்னான். "சின்னதுக்குக் கண்ணே கிடையாது."

"எடுத்துக்கோங்க, எனக்கென்ன? மாசாமாசம் உங்க காசுல பிடிச்சுக்குவேன், அவ்வளவுதான்."

"எங்க காசுலயா?"

"பின்ன? பைக்கு உங்களோடது, பெட்ரோல் உங்களோடது, இது மட்டும் என்னோடதா? நீங்கல்லாம் என் வேலைக்காரங்க இல்ல ஹபீபி. பார்ட்னர். போய்க் கேட்டுட்டு வா, நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்."

பெரிய கருவிக்கு மாதம் பிடிக்கும் பணம் ஒரு வீட்டு வாடகையில் பாதி. முற்றத்தில் அதைக் கேட்டதும் சிரிப்பும் வசவும் சேர்ந்தே எழுந்தன.

"டேய், சின்னதையே எடுடா," என்றார் அபூ லைத். "இந்த ஊர்ப் படிக்கட்டு நமக்குத் தெரியாதா? அது பாட்டுக்குக் கத்தட்டும், நாம பாட்டுக்குப் போவோம்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். குதைபாவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பிள்ளைகளின் பாலை வெட்டித் திரைக்குக் கொடுக்க முடியுமா? சின்னதைத் தேர்ந்தெடுத்தான். முந்தர் பே அவனைப் பைக்கில் உட்காரவைத்து வீடியோ எடுத்தார். 'எங்கள் ரைடர்களுக்காக எங்கள் ரைடரே தேர்ந்தெடுத்தது' என்று அவன் சிரித்த முகம் எல்லாக் கிளைகளின் போன்களுக்கும் போயிற்று.

கருவிகளை மாட்டி முடித்த பிறகுதான் விதி வந்தது. திரையில் ஓடும் கோட்டை விட்டு விலகினால் அந்த ஆர்டருக்குப் பாதிக் கூலி. சுற்றிப் போவது ஏமாற்றுவதாம். குதைபா அலுவலகத்துக்கு ஓடினான்.

"பே, கோடு படிக்கட்டு மேல போகுது!"

"நீ தேர்ந்தெடுத்த மெஷின்தானே? அதை நம்பு."

முதலில் எல்லோரும் பாதிக் கூலியை ஏற்றுக்கொண்டு சுற்றிப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக, சரிவு குறைந்த படிகளில் எஞ்சினை அணைத்து, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றிப் பைக்கை இறக்கத் தொடங்கினார்கள். படி இருப்பது தெரிந்தவனையே வயிறு படியில் இறக்கியது. அபூ லைத்தும் இறக்கினார். ஒருவர் செய்ததை மற்றவரிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

மிஷால் அதற்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவன். தெற்கே மஆன் பக்கத்துக்காரன், சமவெளியில் வளர்ந்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அம்மான் அவனுக்கு அந்தத் திரைதான். எங்கே படி வரும் என்று அபூ லைத் ஒருமுறை சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ஆர்டர் மணி அடித்தது, அவன் கையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வெளிச்சம் சரியாக விழாத நேரத்தில், அலுவலகத்திலிருந்து குதைபாவுக்குப் போன் வந்தது.

"மிஷால் லுவைப்தேயில அசையாம நிக்கிறான். நீ பக்கத்துலதான் இருக்க. போய் அந்த ஆர்டர வாங்கிக் கொண்டுபோய்க் குடு."

"அவனுக்கு என்னாச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆர்டர் லேட்டாகுது."

படிக்கட்டின் நடுத்தளத்தில் பைக் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் மிஷாலின் இடது கால் இருக்கக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. கொட்டிய மொச்சையிலிருந்து மழையில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மிஷால் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக் கிழித்திருந்தான். உடையாமல் மிஞ்சிய கருவி மட்டும் "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேலே பால்கனியில் போர்வை சுற்றிய ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"யப்பா, அது என் ஃபூலா? கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கா?"

குதைபா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. சூடேறியிருந்த எஞ்சினை வெறுங்கையால் தூக்கினான். உள்ளங்கை பொரிந்துபோனது. மிஷால் அப்போதுதான் வாய் திறந்தான்.

"அண்ணே, கோட்ட விட்டு விலகலண்ணே. பாத்துச் சொல்லுங்க. நான் விலகல."

மிஷாலின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி நடையில் மிஷாலின் மனைவி ஹனாதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்த முகம். குதைபாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீதானே அந்த வீடியோல சிரிச்சவன்?"

அவன் தலையாட்டினான்.

"ராத்திரியெல்லாம் அதைப் போட்டுப் போட்டுப் பாத்தாரு. ஊரோட நெளிவு சுழிவு தெரிஞ்ச ஆளே நல்லதுன்னு சொல்றாரு, நமக்கென்ன பயம்னாரு. சிரிக்கிறியே, உனக்கு அந்தப் படி தெரியாதா?"

கூட வந்திருந்த ரைடர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அபூ லைத் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். சின்னதையே எடுடா என்று சொன்ன அந்த வாய் இப்போது எங்கே போயிற்று? குதைபாவுக்கு அவரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிடத் தன் முகத்தை, அந்தச் சிரித்த முகத்தைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தெரியும்," என்று மட்டும் சொன்னான். அவள் காறித் துப்பினாள்.

முந்தர் பே ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூங்கொத்து அனுப்பினார். பைக்கிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த கருவியில் விழுந்திருந்த கீறலுக்கு மிஷாலின் கடைசிக் கூலியில் பணம் பிடித்தார். பிறகு குதைபாவைக் கூப்பிட்டார்.

"இன்னொரு வீடியோ எடுக்கணும். மெஷின் நல்ல மெஷின், மிஷால்தான் வேகமா போனான்னு சொல்லணும். சொன்னா அடுத்த மாசத்துலேர்ந்து நீ சூப்பர்வைசர். மழையில நனைய வேண்டாம், ஹீட்டர் பக்கத்துல உக்காரலாம்."

"சொல்லலன்னா?"

"அப்ப மெஷின் கெட்ட மெஷின்னு ஆயிடும். அதை யாரு தேர்ந்தெடுத்தான்னு போலீஸ் கேக்கும். வீடியோ என்கிட்ட இருக்கு. யோசிச்சுக்க ஹபீபி, உன் இஷ்டம்."

வீட்டில் மூன்று பிள்ளைகள். அவன் யோசிக்கத்தான் செய்தான். என்னை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர்களுக்காக நான் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றும் யோசித்தான். வெள்ளிக்கிழமை விடியலில் முற்றத்துக்கு வந்தபோதுகூட என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

ரைடர்கள் எல்லோரும் பெட்டியில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலகப் பையன் போனை உயர்த்திப் பிடித்தான். முந்தர் பே குடைக்குள் நின்று கையசைத்தார். குதைபா போனை நேராகப் பார்த்தான். பொரிந்த உள்ளங்கை கட்டுக்குள் துடித்தது.

"இந்த மெஷினுக்குப் படிக்கட்டு தெரியாது," என்றான். "அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தேர்ந்தெடுத்தேன். மிஷால் வேகமா போகல. கோட்ட விடாமப் போனான், அவ்வளவுதான்."

முந்தர் பேயின் முகம் ஒரு கணம் கோணி, உடனே மலர்ந்தது.

"கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான். போதும், நிறுத்து."

"நிறுத்தாத. எடு," என்றது ஒரு குரல். அபூ லைத் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்கு முன்னால் வந்து நின்றார். "சின்னதை எடுடான்னு அவன்கிட்ட சொன்னது நான். ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு கேட்டப்ப நாக்கு எழும்பல, நாயா நின்னேன். இப்ப சொல்றேன். ஏன் சொன்னேன்னும் எடுத்துக்க. பெரிசுக்கு எங்க சோத்துல கைவைப்பேன்னாரு இவரு. அப்புறம் கோட்டத் தாண்டுனா பாதிக் கூலின்னாரு. நானே அந்தப் படியில இறக்கியிருக்கேன். இந்த வயசுல!"

"நானும் இறக்கினேன்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். இன்னொருவனும் சொன்னான். மறைத்து வைத்திருந்த வெட்கமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"உங்கள யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல," என்றார் முந்தர் பே. "நீங்க பார்ட்னருங்க. லாபம் நஷ்டம் உங்களோடது."

"பார்ட்னரா? சரி," என்றார் அபூ லைத். "அப்ப போன காலுல பாதி உங்களோடது. எந்தப் பாதியக் குடுக்கறீங்க பே?"

முந்தர் பே குடையை மடக்கினார்.

"வெளிய நூறு பேரு வேலைக்கு நிக்கிறான். பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பலன்னா ஒருத்தனும் நாளைக்கு வர வேண்டாம்."

அதற்குள் ஆர்டர்கள் வந்து விழ ஆரம்பித்தன. வரிசையாக நின்ற பைக்குகளில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்து, ஒரே இனிமையான குரலில் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று ஒன்றோடொன்று கலந்து கத்தின. ஒரு எஞ்சினும் உறுமவில்லை. "மிஷாலுக்கு வைத்தியமும் நஷ்ட ஈடும் கம்பெனி குடுக்கணும்," என்றான் குதைபா. "பைக்குக்கான மெஷின கம்பெனி காசுல வாங்கணும். கோட்டப் பாத்துக் கூலி வெட்டக் கூடாது. அதுவரைக்கும் கிளம்ப மாட்டோம்." சொல்லும்போது அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

முந்தர் பே உள்ளே போய்ப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில், இவர்களுக்குப் பதிலாக ஓட்ட, மேற்குக் கிளையிலிருந்து ரைடர்கள் மழையைக் கிழித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுடைய பைக்குகளிலும் அதே சின்னக் கருவி. குதைபா வாசலுக்கு நடந்தான். முன்னால் நின்றவன் தலைக்கவசக் கண்ணாடியை உயர்த்தி அவனை உற்றுப் பார்த்தான்.

"நீ அந்த வீடியோ ஆளு இல்ல? இந்தச் சனியன எங்க தலையில கட்டுனவன்?"

குதைபா திரும்பிப் பார்த்தான். முற்றத்திலிருந்தவர்கள் அவனுக்குப் பின்னால், தோளுரச, வந்து நின்றிருந்தார்கள்.

"நாங்கதான் தேர்ந்தெடுத்தோம்," என்றான். "தப்பா தேர்ந்தெடுத்தோம். அதுக்கு ஒருத்தன் காலு போச்சு. உள்ள போற வழி திறந்துதான் இருக்கு. போகணும்னா போ. ஆனா உன் கோடு எந்தப் படியில இறங்கும்னு உனக்குத் தெரியுமா?"

வந்தவர்களில் ஒருவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு உள்ளே போனான். யாரும் தடுக்கவில்லை. பெட்டியை நிரப்பிக்கொண்டு அவர்களைப் பார்க்காமலே வெளியேறினான். முன்னால் நின்றவன் அவன் போன திசையைப் பார்த்தான், தன் கருவியைப் பார்த்தான், பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "எங்க கிளையிலயும் ஒருத்தன் விழுந்தான்," என்றான். "கை. நாங்க வெளிய சொல்லல."

மற்றவர்களின் எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. குதைபா அடுத்தவனிடம் நடந்தான், அபூ லைத் அதற்கு அடுத்தவனிடம்.