மசோதாவுக்கு ஓர் அர்ச்சனை

சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் வழக்கம்போலப் பெயர் கேட்டார்.

"அண்டைவீட்டு அமைதி மசோதா," என்றார் சுந்தரேசன்.

"யாரு?"

"நாடாளுமன்றத்துல இருக்கு சாமி. நல்லபடியா நிறைவேறணும்."

"நட்சத்திரம்?"

அதையும் அவர் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருந்தார். முதல் வாசிப்பு நடந்த அன்று ரோகிணி. இறைவன் இதைவிட விசித்திரமான வேண்டுதல்களையும் கேட்டிருப்பான் என்ற நம்பிக்கையில், குருக்கள் ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த மசோதாவுக்கு அர்ச்சனை செய்து விபூதி கொடுத்தார்.

சுந்தரேசனுக்கு அது விளையாட்டு இல்லை. அவர் மனைவி ரத்தினம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இரவெல்லாம் வலி, பகலில்தான் சற்றுக் கண் அயர்வாள். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடியில் அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில், அவள் கண் அயரும் அதே நேரம் பார்த்து, டொம், டொம் என்று கல்லில் எதையோ இடிப்பார்கள். ரத்தினம்மா விழித்துக்கொள்வாள்.

மேல்வீட்டில் இருப்பது ஜெனிவீவ். பாலர் பள்ளியில் சமையல் வேலை, மதியமே வீடு திரும்பிவிடுவாள்; ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். லிஃப்டில் பார்த்தால் "அங்கிள், ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்காமல் இறங்க மாட்டாள்.

"ஒரு எட்டு மேல போய்ச் சொல்லுங்களேன்," என்றாள் ரத்தினம்மா.

"நேர்ல போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு மனசு புண்படாதா? சட்டம் வருது. சட்டமே சொல்லட்டும்."

இதை அவர் கருணையோடுதான் சொன்னார். யாரையும் நேருக்கு நேர் நோகடிக்கக் கூடாது என்று வாழ்ந்தவர். அதனால், ஒரு மாடி ஏறிச் சொல்ல வேண்டியதை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மசோதாவும் தன் வழியில் நடந்தது. முதல் வாசிப்பில் அதன் தலைப்பை மட்டும் வாசித்தார்கள். இரண்டாம் வாசிப்பில் விவாதித்தார்கள். பிறகு தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். சுந்தரேசன் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். அந்த வாரங்கள் முழுக்க மேலே டொம், டொம் ஓயவில்லை.

இதற்கிடையில் ஓர் ஆறுதலும் இருந்தது. மாலையில் அவர் கோயிலிலிருந்து திரும்பும்போது வீட்டு கேட்டில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே எவர்சில்வர் தூக்கில் சூடான மிளகு ரசம். மாத்திரைகளால் நாக்கு செத்துப்போன ரத்தினம்மாவுக்கு அந்த ரசம் ஊற்றினால்தான் சோறு இறங்கியது. அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் கோயில் மாதர் குழுவினர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ரசமும் அவர்களுடையதுதான் என்று சுந்தரேசன் முடிவுகட்டியிருந்தார். தூக்கைக் கழுவிப் பையில் போட்டுத் திரும்ப கேட்டில் மாட்டிவிடுவார். காலையில் அது இருக்காது.

"பகவான் ஒரு பக்கம் சத்தத்தைக் கொடுத்தா, இன்னொரு பக்கம் ரசத்தைக் கொடுக்கிறான், பாத்தியா?" என்பார்.

தெரிவுக் குழு அவரை நேரில் அழைத்தது. வேட்டி சட்டை உடுத்திக்கொண்டு போய், தமிழில் பேசினார். மேல்மாடியில் கல் இடிபடுவதை மேசையில் தட்டியே காட்டினார்.

ஓர் உறுப்பினர் கேட்டார்: "அவரிடம் நேரில் பேசிப் பார்த்தீர்களா?"

"இல்லைங்க. நேர்ல சொன்னா அவங்க சங்கடப்படுவாங்க. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

அவர் முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான், மொழிபெயர்ப்பு உறுப்பினர்களின் காதில் விழுந்து, அறையில் சிரிப்பு எழுந்தது. எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. அன்றைய செய்தியில் அந்தத் துண்டைக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் சுந்தரேசனின் மேல்வீடு எது என்று அந்த புளோக்கில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் லிஃப்டில் ஜெனிவீவ் வணக்கம் சொன்னாள். ஆன்ட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்று மதியம் மேலே சத்தமே இல்லை. "பாத்தியா? சட்டம் வர்றதுக்கு முன்னாடியே வேலை செய்யுது," என்றார் சுந்தரேசன். மாலையில் கேட்டில் பை இல்லை. அடுத்து வந்த இரண்டு வாரமும் இல்லை. ரத்தினம்மா இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்தினாள். அமைதியான வீட்டில் பசியோடு விழித்துக் கிடந்தாள்.

பொறுக்க முடியாமல் மாதர் குழுவின் யாமினிக்கு போன் செய்தார்.

"ரசமா? நாங்க சாப்பாடு நிறுத்தி எவ்வளவு நாளாச்சு அண்ணே," என்றாள் யாமினி.

யாரும் எடுத்துப்போக வராததால் அவர் உள்ளே கொண்டுவந்து வைத்த கடைசித் தூக்கு அடுக்களையில் கவிழ்ந்திருந்தது. மசோதாவின் ஒவ்வொரு உட்பிரிவையும் கண்ணாடி போட்டுப் படித்தவர், அத்தனை நாள் கையால் தேய்த்த தூக்கின் அடியைப் படித்ததில்லை. புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: ஜெனிவீவ்.

அன்று நாடாளுமன்றத்தில் மூன்றாம் வாசிப்பு. ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர் போனை அப்படியே சட்டைப்பையில் போட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

கதவைத் திறந்த ஜெனிவீவின் பார்வை முதலில் தூக்கில்தான் விழுந்தது.

"மிளகு இடிக்கிற சத்தம் கீழ வரைக்கும் கேக்கும்னு தெரியாது அங்கிள். மெஷின்ல அரைச்சா அந்த வாசம் வராது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா."

"சொன்னேனேம்மா."

"எங்க சொன்னீங்க? பார்லிமென்ட்லயா?"

அவர் தலை குனிந்தார். அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து பலபேர் சேர்ந்து ஏதோ கத்தினார்கள்.

"அது என்ன சத்தம் அங்கிள்?"

"மசோதா நிறைவேறுதும்மா."

ஜெனிவீவ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

"ஆன்ட்டி சாப்பிடலம்மா. நீ திரும்ப இடிக்கணும்."

"ஐயோ, மாட்டேன். இப்பதான் சட்டம் வந்துடுச்சே!"

"இன்னும் வரலம்மா. அதிபர் ஒப்புதல் கொடுக்கணும், அரசிதழ்ல வரணும், அமலுக்கு வர்ற தேதிய அறிவிக்கணும்." மாதக்கணக்கில் அவரை வாட்டிய தாமதங்கள் எல்லாம் இப்போது எவ்வளவு இனிமையாக இருந்தன!

"ஆன்ட்டி தூக்கம் கெடுமே. ஒண்ணு செய்வோம். கல்ல நீங்க கொண்டுபோங்க. ஆன்ட்டி முழிச்சிருக்கிற நேரமாப் பாத்து உங்க வீட்டுலயே இடிங்க. பொடிய மேல கொடுத்தனுப்புங்க, நான் ரசம் வைக்கிறேன்."

இடிகல்லை மார்போடு அணைத்துக்கொண்டு சுந்தரேசன் கீழே வந்தார். மறுநாள் காலை ரத்தினம்மா நாற்காலியில் சாய்ந்து மேற்பார்வை பார்க்க, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மிளகும் சீரகமும் இடித்தார். டொம், டொம்.

அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு பெர்னார்ட் நின்றார், தூக்கம் கலைந்த முகத்தோடு.

"மன்னிக்கணும் அண்ணே. எனக்கு நைட் ஷிஃப்ட், இப்பதான் படுத்தேன். ஏதோ இடிக்கிற மாதிரி... கொஞ்சம் தள்ளி வச்சுக்க முடியுமா?"

சுந்தரேசன் கையில் குழவிக் கல்லோடு அவரையே பார்த்தார்.

"நேர்லயே வந்துட்டீங்களே!"

"பின்ன, ஒரு மாடிதானே அண்ணே?"

அன்றிலிருந்து கல்லுக்கு அடியில் ஒரு மடித்த துண்டு, பெர்னார்ட் எழுந்த பிறகுதான் இடி, அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் ரசம் என்று ஏற்பாடானது. இதற்கு வாசிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சட்டம் அமலுக்கு வரும் தேதியை அதன்பின் சுந்தரேசன் தேடிப் பார்க்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு நின்றார்.

"மசோதாவுக்கா?" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. ஜெனிவீவ், பெர்னார்ட்."

குருக்கள் இப்போது எதற்கும் அசைவதில்லை. "நட்சத்திரம்?"

"தெரியலையே," என்றார் சுந்தரேசன். "இருங்க, நேர்ல போய்க் கேட்டுட்டு வர்றேன்."