சுட்ட மணல்

பாறையிடம் வயது கேட்டால் வாயைத் திறக்குமா? அரைத்து மாவாக்கி, கரைசலில் ஊறவைத்து, எந்திரத்தில் ஏற்றினால்தான் ஏதோ கொஞ்சம் சொல்லும். அந்த ஆய்வகத்தில் அரைக்கிற வேலை அவளுடையது. எல்லோருக்கும் அவள் 'அரைவை அக்கா'. எண்ணெய் தேடும் குழுவில் நிலவியல் பார்க்கும் அவள் சொந்தத் தம்பியும் அப்படித்தான் கேலி செய்வான்.

அவன் மாதக்கணக்காக ஒரே பிடிவாதம். எண்ணெய் ஊறிய பாறை கிழடு என்று குழுவே சொல்ல, இவன் மட்டும் இளசு என்றான். இந்த வழக்கைத் தீர்க்க ஒலியனேன் என்றொரு மூலக்கூறு உண்டு. பூக்கும் செடிகள் விட்டுப்போகும் தடயம் அது. பூமியில் பூக்கள் வருவதற்கு முன் உருவான பாறையில் இருக்காது. இருந்தால் பாறை இளசு, தம்பி ஜெயித்தான். அவன் கையில் இருந்ததோ, எப்போதோ மூடிவிட்ட எண்ணெய்க் கிணற்றின் கட்டைவிரல் அளவுப் பாறைத் துண்டு ஒன்றுதான்.

அதில் ஒலியனேன் வந்தது. அப்புறம் கேட்பானேன்! அவன் கைகாட்டிய இடத்தில் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தத் துண்டை அரைத்த கிண்ணத்தை அதற்குப் பிறகு இன்றுதான் அவள் எடுத்தாள். எந்தப் பாறைக்கும் முன்னால், உலையில் சுட்ட மணலை அரைத்து எந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மணலில் ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் சுத்தம். இன்று மணலிலேயே ஒலியனேன் வந்தது. தம்பியின் துண்டுக்கு முன் அதில் அரைத்தது பழுப்பு நிலக்கரி. முழுக்கப் பூச்செடிச் சக்கை. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, சனியன். தம்பியின் துண்டில் வந்ததும் இதுவாகவே இருக்கலாம்.

அன்றைக்கும் அவள் மணலை எடுத்தாள்தான். "ஐயோ அக்கா, நாளைக்கு மீட்டிங். மணலாவது மண்ணாவது, நேரா பாறையைப் போடு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியது அவன். புத்தி கெட்டுப்போய்ச் சரியென்றவள் இவள்.

துளைபோடும் இடத்தில் இருந்த தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மறுபடி ஓட்டிப் பாரேன்" என்றான்.

"எதைடா ஓட்ட? மொத்தத்தையும் அரைச்சாச்சு. தூள்கூட மிச்சமில்ல."



"அப்போ என் பாறை கிழடுன்னும் யாராலயும் சொல்ல முடியாது, இல்ல?"

அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"உண்மை என்னன்னு இனிமே யாருக்குமே தெரியாதுடா. நான் மேலாளர்கிட்ட சொல்லிடறேன்."

"அக்கா, என் பொழப்பைக் கெடுக்காதே!"

அவள் முகம் கழுவிக்கொண்டு போனாள். அவனுடைய வேலை போய்விடக் கூடாது. எதை எப்படிச் சொன்னால் அவன் தப்பிப்பான் என்று யோசித்தபடியே மேலாளர் அறைக் கதவைத் தள்ளினாள். அவர் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார்.

"உட்காரும்மா. உன் தம்பிதான் பேசினான். மணல் அரைக்க மறந்துட்டியாமே? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்னு புலம்பறான்."

நடந்தது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆமா சார். மறந்துட்டேன்."

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா. பாவம், உன்னை எவ்வளவு நம்பியிருந்தான் அவன், தெரியுமா?"

"தெரியும் சார்" என்றாள்.